வின்ச்சுக்கு அடியில் ஒரு பெல்ட் துண்டு

கம்மாபுரம்
4.10.2025

மாமா,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் வெறும் மாமா.

போனில் என்னைப் பிளாக் செய்துவிட்டீர்கள். அக்காவிடம் சொல்லி அனுப்பலாம் என்றால் அவள், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பந்தாட்டம் உருளமாட்டேன்டா. ஆவறதா இருந்தா கடுதாசி எழுதிக்குங்க" என்று கையை உதறிவிட்டாள். பஸ் ஏறினால் அரைமணியில் வந்துவிடுகிற இடத்தில் இருக்கும் மாமனுக்கு ஸ்டாம்பு ஒட்டி எழுதுகிற கேவலம் இந்த ஜில்லாவில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கும்.

நேற்று மைன்ஸுக்குள் விடுகிற வண்டிகளைச் செக் பண்ணுகிற யார்டில் அத்தனை டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருக்க என் ஜீப்பின் முன்னால் குனிந்தீர்கள். டார்ச் அடித்தீர்கள். வின்ச்சுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினீர்கள். எழுந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பெல்ட் துண்டு வெச்சிருக்கு. ரிஜெக்ட். அடுத்த வண்டி" என்றீர்கள். அடுத்த வண்டியாம்! மச்சான் வண்டி என்று தெரியாதா? பின்னால் நின்றவன் "என்னாப்பா, சொந்தக்காரரு ஸ்பெஷலா கவனிச்சிட்டாரு போல" என்று சிரித்தான். சிரிக்கத்தானே செய்வான்!

அந்த வின்ச்சை நான் எப்படி மாட்டினேன் என்று உங்களுக்குத் தெரியுமா? மழைக்காலத்தில் மைன்ஸ் ரோட்டில் சேற்றில் சிக்குகிற வண்டிகளை இழுத்துப்போட முன்னால் ரோப்பைச் சுற்றி இழுக்கிற வின்ச் வைத்த ஃபோர்வீல் ஜீப் வேண்டும் என்று கான்ட்ராக்டர் சோமசுந்தரம் கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். வடலூர்ப் பட்டறையில் காலையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் நின்று, பேட்டரியிலிருந்து தடி ஒயரை நானே இழுத்து, பம்பருக்குப் பின்னால் பிளேட்டை வைத்து, நாலு போல்ட் போட்டு முடுக்கினேன். பிளேட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் அதிர்வு தாங்கட்டும் என்று, மைன்ஸில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் ரப்பரில் ஒரு துண்டு வைத்தேன். இது ஒரு குற்றமா?

நெய்வேலியைச் சுற்றி பெல்ட் துண்டு இல்லாத இடம் எது மாமா? உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நீங்கள் கால் துடைப்பது பெல்ட். உங்கள் ஸ்கூட்டரின் மட்ஃபிளாப் பெல்ட். எங்கள் மாட்டுக் கொட்டகையில் மாடு படுப்பது பெல்ட். உங்கள் கல்யாணத்தில் சாம்பார் அண்டாவை இறக்கிவைத்தது பெல்ட் மேல்தான். அப்போதெல்லாம் ரிஜெக்ட் என்று ஏன் சொல்லவில்லை?

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்த யார்டில் டார்ச்சோடு நிற்பதே எங்கள் நிலத்துக்கு வந்த வேலையில்தான். சுரங்கத்துக்கு நிலத்தை எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். "அவன் வளந்து வர்ற வரிக்கும் மாப்ள பாத்துக்குவாரு" என்று அப்பா உங்கள் பெயரை எழுதிக்கொடுத்தார். நான் வளர்ந்துவிட்டேன். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் நேற்று தெரிந்ததே.

இந்த மாதக் கடைசிக்குள் பாஸ் ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுபோகாவிட்டால் சோமசுந்தரம் வேறு ஜீப்பை எடுத்துக்கொள்வார். அப்புறம் வண்டியை விற்றுவிட்டு நான் லோடுமேனாகப் போகவேண்டியதுதான். உங்களுக்கு அதுதான் சந்தோஷம் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அருண்ராஜ்


நெய்வேலி
8.10.2025

அருண்ராஜுக்கு,

பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று உன் அம்மா வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். அத்தையை இனிமேல் இதற்கெல்லாம் அனுப்பாதே. சண்டை போட உனக்கு வாய் இருக்கிறதல்லவா, அது போதும்.

உன் கேள்விக்கு வருகிறேன். கால்மிதி யாரையும் கொல்லாது. மட்ஃபிளாப் கொல்லாது. மாடு படுத்தாலும் ஒன்றும் ஆகாது. வின்ச் அப்படியில்லை. அது தன்னுடைய ஜீப்பைவிடக் கனமான வண்டியைச் சேற்றிலிருந்து பிடுங்குகிறது. அத்தனை இழுவையும் அந்த நாலு போல்ட்டில்தான் உட்காருகிறது. நடுவில் ரப்பர் இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் அது அமுங்கும், எழும்பும். போல்ட்டின் பிடிப்பு தளரும். தளர்ந்த போல்ட் நேராக இழுபடாது, மடங்கும். ஒருநாள் பிளேட்டோடு பிய்த்துக்கொண்டு போகும்.

போனால் எங்கே போகும் என்று யோசித்தாயா? உன் பக்கம் வராது. நீ ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் சீட்டில் இருப்பாய். எதிரே, கொக்கியை மாட்டிவிட்டு ஓரமாக நிற்கிறானே ஒரு கான்ட்ராக்ட் ஆள், அவன் மேல்தான் போகும். அவனுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

பெல்ட்டை எடு. பிளேட் நேராக சேசிஸ் இரும்பின் மேல் உட்காரட்டும். நல்ல போல்ட் போடு. கொண்டு வா. அங்கேயே ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன். ஒரு மணி நேர வேலைக்கு நாலு பக்கம் கடிதம் எழுதுகிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அடுத்தது, அந்த வேலை. நான் உன் அப்பாவிடம் வந்து கேட்டேனா? "மாப்ள, பையன் பேர எழுத முடியாதாம், வயசு பத்தலையாம், உங்க பேர்ல எழுதறேன்" என்று அவராகத்தான் வந்தார். அப்போது சேத்தியாத்தோப்பில் எனக்கென்று ஒரு பட்டறை இருந்தது. அதைப் பூட்டிவிட்டு வந்தேன். அதை நீங்கள் யாரும் ஒருநாளும் பேசியதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, "எங்க நெலத்துல வந்த சோறு" என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கி எத்தனையோ வருஷமாகிறது.

நீ என் மச்சான் என்பதற்காக உன் பெல்ட்டை நான் இரும்பு என்று எழுத மாட்டேன்.

சிவக்குமார்


கம்மாபுரம்
14.10.2025

மாமா,

ஆஹா, என்ன பிரசங்கம்! படித்துக் காட்டினேன், பட்டறைப் பையன்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அமுங்குமாம், எழும்புமாம், பிய்த்துக்கொண்டு பறக்குமாம். வின்ச்சா ராக்கெட்டா?

சரி, இதைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே செம மழை. பழனிசாமி அண்ணனின் டிராக்டர் வாய்க்கால் ஓரம் இறங்கி அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. டிரெய்லரில் மூட்டை வேறு. இரண்டு டிராக்டர் கட்டி இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. ஊரே கூடிவிட்டது. அப்புறம் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ஜீப்பை மேட்டில் நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். ரோப்பை இழுத்துக்கொண்டுபோய் டிராக்டரில் கொக்கி மாட்டினேன். ரிமோட்டை அழுத்தினேன். உறுமிக்கொண்டே இழுத்தது பாருங்கள் மாமா, சேறு 'பச்சக்' என்று விட்டது, டிராக்டர் குழந்தை மாதிரி பின்னாலேயே வந்தது! ஊரே கை தட்டியது. "டேய் அருணு, என்னா மிஷினுடா இது!" என்று பழனிசாமி அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா விஜயதசமிக்கு வந்தவள் இங்கேதானே இருந்தாள், அவள்தான் பக்கத்தில் நின்றுகொண்டு வீடியோ எடுத்தாள். கேட்டு வாங்கிப் பாருங்கள். பெல்ட்டோடுதான் இழுத்தது. உங்கள் ரப்பர் அமுங்கவும் இல்லை, எழும்பவும் இல்லை.

இப்போது என்ன சொல்கிறீர்கள்? அந்தக் கொக்கி பிடிக்கிற கான்ட்ராக்ட் ஆள் மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் சொந்த மச்சான் மேல் ஏன் இல்லை? எனக்குத் தெரியும். நீங்கள் பர்மனென்ட். நானும் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டால் "எங்க மாப்ள மாதிரி வருமா" என்று ஊரில் பேசுவதற்கு ஆள் இருக்காது. அதுதானே உங்கள் வயிற்றெரிச்சல்?

சென்ற வாரம் நாலு ஜீப் பாஸ் செய்தீர்களாமே. அந்த நாலு பேர் என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்கிறார்கள்.

அருண்ராஜ்


நெய்வேலி
17.10.2025

அருண்ராஜுக்கு,

கடைசி வரியை நீ எழுதினாயா, பட்டறைப் பையன்கள் எழுதினார்களா? யார்டில் ஒரு டீயைக்கூட நான் யார் கையிலிருந்தும் வாங்கிக் குடித்ததில்லை. இது உன் அக்காவுக்குத் தெரியும். அவளிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். உன்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று கேட்டேன். "ரெண்டு மாட்டையும் ஒரே கொட்டாயில கட்டி வெச்சிருக்கேன், எது முட்டினா என்ன" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வீடியோவைப் பார்த்தேன். டிராக்டரை நான் பார்க்கவில்லை. அதை எடுத்தவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தேன். ரோப் போகிற நேருக்கு, டிராக்டரின் பெரிய சக்கரத்தை ஒட்டி நிற்கிறாள். இழுக்கும்போது ரோப் அதிர்வது அவள் போனில் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அவளுக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன். நீ எந்தப் புத்தியில் அவளை அங்கே நிற்க விட்டாய்? உன் வின்ச்சை நான் ரிஜெக்ட் செய்தது எழுத்தில் இருக்கிறது. அதற்கு அப்புறமும் என் பெண்டாட்டியை அதன் நேருக்கு நிறுத்தி வீடியோ எடுக்கச் சொல்லி, அதை எனக்கே சாட்சியாக அனுப்புகிறாய்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. டிராக்டரை இழுத்த பிறகு அந்த நாலு நட்டையும் ஸ்பானர் வைத்துப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் போய்ப் பார். திரும்பினால் உனக்கே விளங்கும். உன் வாயைவிட நட்டு உண்மை பேசும்.

தீபாவளிக்கு நான் வரவில்லை. உன் அக்கா அன்புக்கரசி வருவாள். பட்டாசு வெடிக்கிறேன் என்று அவளை வண்டி முன்னால் நிறுத்தாதே.

சிவக்குமார்


கம்மாபுரம்
26.10.2025

மாமா,

ஒரு நல்ல செய்தி. உங்களுக்கு நல்லதா என்று தெரியாது.

ஜீப் பாஸ் ஆகிவிட்டது! கண்ணாடியில் ஸ்டிக்கர் மினுமினு என்று மின்னுகிறது. உங்கள் கையெழுத்து இல்லாமலே.

எப்படி என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், நானே சொல்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரியே பெல்ட்டை எடுத்துவிட்டேன். பிளேட்டை இரும்பு மேல் இரும்பாக உட்காரவைத்தேன். உங்களுக்கு லீவு வரும் நாளாகப் பார்த்து யார்டுக்குப் போனேன். அன்றைக்கு நின்றவர் டார்ச் அடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், "நல்லா இருக்குப்பா" என்று ஒட்டினார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் பார்த்தபோது அங்கே பெல்ட் இல்லை.

வீட்டுக்கு வந்து மறுபடியும் பெல்ட்டை வைத்துவிட்டேன். இரும்போடு இரும்பு மோதி ரோடு முழுக்க 'டங் டங்' என்று மண்டைக்குள் அடிக்கிறது. பெல்ட் போட்ட பிறகுதான் வண்டி வண்டியாக இருக்கிறது. உங்கள் ரூல் யார்டில் இருக்கட்டும், என் வண்டியில் என் ரூல்.

நட்டைப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். பார்த்தேன். ரெண்டு கொஞ்சம் திரும்பியிருந்தது. அதற்கென்ன? நட்டு என்றால் திரும்பத்தான் செய்யும். டபுள் நட் போட்டு முடுக்கிவிட்டேன். முடிந்தது கதை.

நாளை முதல் டியூட்டி. சோமசுந்தரம், "மழ சீசன் முழுக்க நீதான்டா" என்று சொல்லிவிட்டார். மூக்கு அறுபட்டது யாருக்கு மாமா?

அருண்ராஜ்


நெய்வேலி
29.10.2025

பெல்ட்டை எடு.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். ஒவ்வொரு தரமும் உன்னைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலத்தான் இருந்தது. வார்த்தைக்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

நீ எடுக்கவில்லை என்றால் அந்த வின்ச் இழுக்காதபடி நான் பார்த்துக்கொள்வேன்.

சி.


கம்மாபுரம்
6.11.2025

சிவக்குமார் அவர்களுக்கு,

இனி மாமா இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிப்போன வேன் ஒன்று மண் ரோட்டில் சாய்ந்துகொண்டு நிற்கிறது என்று போன் வந்தது. எனக்கு வந்த முதல் பெரிய வேலை. பறந்து போனேன். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் இறங்கி மழையில் நிற்கிறார்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி இறங்கி, "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று அதட்டல் வேறு. ஒரு ஆள் ஓடிப்போய்க் கொக்கியை மாட்டினார். ரிமோட்டை அழுத்தினேன்.

ஒன்றும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினேன், மறுபடி. பேட்டரி நன்றாக இருக்கிறது, லைட் எரிகிறது, வின்ச் மட்டும் செத்துக் கிடக்கிறது. "தம்பி, சாவி போட்டியா?" என்று ஒருத்தர். "கரண்டு பில்லு கட்டலையாம்பா" என்று இன்னொருத்தர். அத்தனை பேரும் சிரித்தார்கள். வேறு ஜீப் வந்து வேனை இழுத்துப்போட்டது. என் கண் முன்னாலேயே! சோமசுந்தரம் அங்கேயே வைத்து, "ஷோவுக்கு வெச்சிகினு திரியறியா? நாளையிலேர்ந்து வராத" என்று சொல்லிவிட்டார். என் வாழ்க்கையில் அப்படி நான் நின்றதில்லை.

வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்து தேடினேன். பேட்டரியிலிருந்து வின்ச்சுக்குப் போகிற தடி ஒயர், உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. வெண்ணெய் வெட்டின மாதிரி வெட்டு. அதுமட்டுமா? திருட்டுப் பயல் வெட்டியிருந்தால் அப்படியே போட்டுவிட்டுப் போயிருப்பான். இவன் ரெண்டு முனையிலும் டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். ஷார்ட் ஆகிவிடக்கூடாதாம்! என்ன அக்கறை!

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸில் விட்டேன். வாசலோடு போகிறவனை அவள்தான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து இட்லி போட்டாள். நான் தின்றுகொண்டிருந்தபோது, "பால் வாங்கிட்டு வரேன்" என்று ஒருவர் எழுந்து போனார். வெகுநேரம் கழித்து வந்தார். கையில் பால் இல்லை.

நீங்கள்தானா? ஆம் இல்லை என்று எழுதுங்கள். வீட்டுக்குள் சோறு போட்டு, வெளியே வந்து கழுத்தை அறுத்தது நீங்கள்தானா?

அருண்ராஜ்


நெய்வேலி
9.11.2025

அருண்ராஜுக்கு,

ஆம். நான்தான்.

செய்வேன் என்று எழுதிவிட்டுத்தான் செய்தேன். பெல்ட் இன்னும் இருக்கிறதா என்று முதலில் குனிந்து பார்த்தேன். இருந்தது. வெட்டினேன். நேரில் பேசியிருக்கலாமே என்பாய். பேசினேன். யார்டில் பேசினேன், கடிதத்தில் பேசினேன், உன் அக்காவை விட்டுச் சொல்லச் சொன்னேன். நீ ஊரைக் கூட்டிக் கை தட்ட வைத்தாய்.

இன்னொரு வழியும் இருந்தது. நீ உன் கையால் எழுதினாயே ஒரு கடிதம், செக்கிங்கிற்குப் பெல்ட்டை எடுத்தேன், வீட்டுக்கு வந்து மறுபடி வைத்தேன் என்று? அதைக் கொண்டுபோய் மேலே கொடுத்திருக்கலாம். அதுதான் முறை. என் வேலைக்கும் அதுதான் பத்திரம். கொடுத்திருந்தால் உன் ஜீப் மட்டுமல்ல, இனி உன் பெயரில் எந்த வண்டியும் எந்த கேட்டுக்குள்ளும் நுழையாது. ஆயுசுக்கும் நுழையாது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். கொடுக்கக் கை வரவில்லை. ஒயரை வெட்டினால் வின்ச் இழுக்காது, நீ திட்டுவாய், புது ஒயர் போடுவதற்குள் கொஞ்சம் புத்தி வரும் என்று நினைத்தேன். சோமசுந்தரம் உன்னை நிறுத்துவார் என்று நினைக்கவில்லை. அது என் கணக்கில் இல்லை. ஆனால் அதற்காக வெட்டினது தப்பு என்று சொல்லமாட்டேன்.

நீ ஒன்று யோசித்துப் பார். கொக்கியை மாட்ட ஓடினானே ஒரு ஆள், மாட்டிவிட்டு எங்கே நின்றான்? வேனிலிருந்து இறங்கியவர்கள் எங்கே நின்றார்கள்? நீ சிரிப்பை மட்டும்தான் பார்த்தாய். சிரிப்பதற்கு அத்தனை பேரும் முழுசாக இருந்தார்கள்.

உன் அக்காவிடம் நானே சொன்னேன். "எந்தம்பி சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு எப்பிடிய்யா ராத்திரி தூக்கம் வந்துச்சு உனக்கு" என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அங்கேதான் வந்திருப்பாள். இதுவரை ஒரு போன் இல்லை.

சிவக்குமார்


கம்மாபுரம்
15.11.2025

சிவக்குமார் அவர்களுக்கு,

அக்கா இங்கேதான் இருக்கிறாள். உங்கள் பெயரை எடுத்தாலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். அம்மா அவளுக்கும் சேர்த்து அழுகிறாள்.

புது ஒயர் போடுவதற்காக வின்ச்சை மொத்தமாக இறக்கினேன். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை, சொல்கிறேன். நாலு போல்ட்டில் ஒன்று கொண்டை ஊசி மாதிரி மடங்கியிருந்தது. பிளேட்டில் ரெண்டு ஓட்டை வட்டமாகப் போட்டது, முட்டை மாதிரி நீண்டிருந்தது. டபுள் நட் போட்ட பிறகு டியூட்டியில் நாலைந்து சின்ன வண்டிகளை இழுத்ததிலேயே அது நடந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கையில் வைத்துப் பார்த்தேன். அக்கா நின்ற இடம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

பெல்ட்டை எடுத்துத் தூர எறிந்தாகிவிட்டது. புதுப் பிளேட், புது போல்ட், இரும்பு மேல் இரும்பு. 'டங் டங்' என்று அடிக்கிறது. அடிக்கட்டும்.

இதற்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். சொல்ல மாட்டேன். நீங்கள் சொன்னது சரி. செய்தது சரியில்லை. ஒரு தைரியசாலி என்ன செய்வான்? நேராக வந்து, "டேய், ஒயர வெட்டிட்டேன், போய்ப் பெல்ட்ட எடு" என்பான். நீங்கள் வெட்டிவிட்டு வந்து என் கூடவே உட்கார்ந்து இட்லி தின்றீர்கள். நான் போய் அத்தனை பேர் முன்னால் நின்று அசிங்கப்படுகிறவரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

சோமசுந்தரத்திடம் போனேன். காலில் விழாத குறை. ஒயர் வெட்டப்பட்டிருந்ததைக் காட்டினேன். "வண்டியில கோளாறு இல்ல, எவனோ வேல காட்டிட்டான்னு நீ சொல்ற. நான் எப்பிடி நம்பறது? வெட்டினவனயே எழுதிக் குடுக்கச் சொல்லு, மறுநாளே உன் வண்டிய எடுத்துக்கறேன்" என்றார். பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். என் இடத்துக்கு வேறு யாரையும் அவர் இன்னும் நிரந்தரமாக எடுக்கவில்லை, கொஞ்ச நாள் பொறுப்பார்.

எழுதிக்கொடுங்கள். நான்தான் வெட்டினேன் என்று உங்கள் கையெழுத்தில், உங்கள் ஆபீசுக்கு ஒன்று, சோமசுந்தரத்துக்கு ஒன்று. கொடுத்தால் உங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன். எங்கள் நிலத்துக்கு வந்த வேலை அது. இத்தனை வருஷமாக நீங்கள் தின்றீர்கள். ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டுக்காக அதைத் தூக்கி வையுங்கள் பார்க்கலாம்.

வைக்க மாட்டீர்கள். ஒயரை வெட்டுகிற கைக்கு இருக்கிற துணிச்சல் கையெழுத்துப் போடுகிற கைக்கு இருக்காது. பர்மனென்ட் என்றால் அதுதானே அர்த்தம்.

அருண்ராஜ்


நெய்வேலி
22.11.2025

அருண்ராஜ்,

செவ்வாய்க்கிழமை எழுதிக்கொடுத்துவிட்டேன். ஆபீசுக்கு ஒன்று, சோமசுந்தரத்துக்கு ஒன்று. அவர் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க மச்சானாய்யா அவன்?" என்றார். ஆமாம் என்றேன். திங்கட்கிழமை உன்னை வண்டியோடு வரச் சொல்லியிருக்கிறார். நேரத்துக்குப் போ.

ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். எதற்காக வெட்டினீர்கள் என்று கேட்டார்கள். பெல்ட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்கும். பாதிக் குற்றம் குறைந்தும் இருக்கும். ஆனால் பெல்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால், ஸ்டிக்கர் எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. அது உன்னிடம் வந்து நிற்கும். அதனால் குடும்பத் தகராறு என்றேன். மச்சான் மேல் இருந்த காழ்ப்பில் வெட்டிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இத்தன வருஷம் சர்வீஸ் பண்ணிட்டு என்ன சார் இது, சின்னப் பிள்ளையாட்டம்" என்றார்.

சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். விசாரணை நடக்கும். பாதுகாப்பு விஷயம், விளையாட்டாக விடமாட்டோம் என்றார்கள். வேலை போகலாம். போனால் குவார்ட்டர்ஸையும் காலி செய்யவேண்டும். சேத்தியாத்தோப்பில் அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பெல்ட்டை எடுத்தேன், வைத்தேன் என்று நீ எழுதிய கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுப்பில் போடு. என்னிடம் இருந்தால் ஏதாவது ஒருநாள் கோபத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை.

இனி யார் நிலம், யார் வேலை, யார் சோறு என்று நீயோ உன் அம்மாவோ என்னிடம் பேச ஒன்றும் மிச்சம் இல்லை. நீ கேட்டாய், எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நான் எழுதிக்கொடுத்தது, சஸ்பெண்ட் ஆனது எதுவும் அன்புக்கரசிக்குத் தெரியாது. அவள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் சொல்லப்போவதில்லை. எங்கள் பெண்ணின் காலேஜுக்கு, வீட்டுக்கு, மருந்துக்கு என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருப்பது எல்லாம் இந்தச் சம்பளத்தில்தான். அது உனக்கும் தெரியும்.

அவள் அங்கேதான் இருக்கிறாள். உள்ளே போ. உட்காரவைத்து, நீ என்ன கேட்டாய், நான் என்ன கொடுத்தேன் என்று உன் வாயாலேயே சொல்.

சிவக்குமார்